கோணல் மாலை

மேஜைமேல் மூன்று அம்மன்கள் நின்றார்கள். மூவர் கழுத்திலும் சணல் கயிறு. கயிற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீலப் பென்சிலால் எழுதிய அட்டை. பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டரின் தொப்பி, பாதி குடித்த டீ கிளாஸ், ஒரு லத்தி.

"நல்லா பார்த்துச் சொல்லுங்க. இதுல உங்க அம்மன் எது?"

எங்கள் தெருவே அந்த அறைக்குள் திரண்டிருந்தது. இடம் போதாமல் பத்துப் பேர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். தினம் காலையும் மாலையும் அவள் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஜனங்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பூக்காரி கன்னியம்மா முன்னால் வந்தாள். இருபது வருஷமாக அம்மனுக்கு மாலை கட்டுகிறவள். மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதான் சார்" என்று முதலாவதைக் காட்டினாள். அவள் கை கீழே இறங்குவதற்குள் கோயில் தர்மகர்த்தா மூன்றாவதைக் காட்டினார். உடனே கன்னியம்மா, "அப்படின்னா அதுவாத்தான் இருக்கும்" என்று கட்சி மாறினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் தொப்பி வைத்துவிட்டால் பேச்சு மாறிவிடும்.

"உங்க சாமியை உங்களுக்கே தெரியலை. நான் என்னத்தைப் பண்ண? நாளைக்குக் காலையில ஐயரை கோர்ட்டுக்கு அனுப்பிடறேன்."

அந்த ஐயர், எங்கள் சபேச குருக்கள், பக்கத்து லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே உட்கார வைத்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பல்புக்கும் ஆபத்து, செருப்புக்கும் ஆபத்து

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் காஞ்சிபுரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். அப்பா நெசவாளி. எனக்குத் தறி வரவில்லை. உட்கார்ந்த அரை மணியில் பத்து இழை அறுப்பேன். "நீ எழுந்து போனாலே எனக்குப் பெரிய உபகாரம்பா" என்று அப்பா கும்பிட்டதால் காமிரா பக்கம் வந்தேன். பட்டுப்புடவை எடுக்க வருகிற கல்யாண வீட்டார், எடுத்த கையோடு பெண்ணுக்கு ஒரு படமும் எடுத்துக்கொண்டு போவார்கள். பிழைப்பு ஓடியது.

கோயில் திருட்டு என்றால் அந்த நாளில் எங்களுக்குச் செருப்புதான். பெரிய கோயில்களுக்குப் போகும்போது பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போவது ஊர் வழக்கம். அதற்கும் மேலே போனால் பிராகாரத்து பல்ப். ஒரு வருஷம் எங்கள் தெருக் கோயில் மணியின் நாக்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மணியை விட்டுவிட்டு நாக்கை மட்டும் எடுத்தவன் என்ன யோசனையில் எடுத்தானோ, இன்றுவரை தெரியவில்லை. அடுத்த நாலு மாதம் குருக்கள் ஒரு சைக்கிள் ஸ்பானரால் மணியைத் தட்டித்தான் தீபாராதனை காட்டினார். ஸ்பானர் சத்தம் கேட்டதும் நாங்களும் பழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

ஆகவே, ஒரு மார்கழிக் காலையில் "அம்மனைக் காணோம்" என்று தெருவில் சத்தம் வந்தபோது, எனக்கு முதலில் புரியவே இல்லை. அம்மன் எப்படிக் காணாமல் போவாள்? புடவையைக் காணோம், விளக்கைக் காணோம் என்றால் புரியும்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். மூலவர் கல் அம்மன் இருந்த இடத்தில் இருந்தாள். பக்கத்தில் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிற உற்சவர், வீதி உலா வருகிற செப்புத் திருமேனி, அவள்தான் இல்லை. பீடத்தில் நேற்றைய சம்பங்கி உதிர்ந்து கிடந்தது. குருக்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு உடையவில்லை. பூட்டும் உடையவில்லை. சாவி ஒன்றே ஒன்று. அது குருக்கள் இடுப்பில் இருந்தது.

என் வாய்

முதல் இரண்டு நாளும் போலீஸ் குருக்களைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுச் சாயங்காலம் அனுப்பிவிட்டது. மூன்றாம் நாள் அவரோடு என்னையும் கூப்பிட்டார்கள்.

"யோவ் போட்டோக்காரரே, வருஷா வருஷம் அம்மனைப் படம் எடுக்கறீராமே. நகை, துணி இல்லாம சிலை மட்டும் தெரியற மாதிரி ஒரு படம் வேணும். எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பணும்."

எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆடிப்பூரத்தன்று அலங்காரம் முடிந்து திரை விலகியதும் முதல் படம் என்னுடையது. பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு படம். பெருமையில் இருக்கிறவன் அளந்து பேசுவானா?

"அது மாதிரி படம் ஒண்ணு கூட கிடையாது சார். கோயில் சாமான் எல்லாத்துக்கும் படம் வேணும்னு மேலிடத்துல இருந்து கடுதாசி வந்துது. நான் காமிராவைத் தூக்கிக்கினு போனேன். குருக்கள் ஒத்துக்கவே இல்லை. அம்மனை அப்படிப் படம் பிடிக்கவே கூடாதுன்னு விரட்டிட்டார்."

குருக்கள் பிடிவாதக்காரர் என்று ஒரு தமாஷ் கதையாகத்தான் அதைச் சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ரைட்டரைப் பார்த்து, "எழுதிக்கோ" என்றார். "சாவி இவர்கிட்ட. படம் எடுக்க விடாததும் இவர்தான்."

நான் அப்படிச் சொல்லவில்லை சார் என்றேன். நீர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டினார்கள். ஒரு எழுத்து மாறவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் குருக்கள் வீடு திரும்பவில்லை.

அலங்காரம் இல்லாமல் அம்மனைப் பார்க்கக் கூடாது என்பது குருக்கள் கண்டுபிடித்த சட்டம் அல்ல. அபிஷேகத்தின்போதுகூட இடுப்பில் ஒரு சின்னத் துண்டு சுற்றித்தான் திரையை விலக்குவார்கள். தெருவில் யாராவது ஒரு தறிக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை அவளுக்கென்று சாண் அகலப் பாவாடை நெய்து கொடுப்பார். பட்டு, அதற்குமேல் நகை, அதற்குமேல் மாலை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மன்தான். உள்ளே இருக்கிற செப்பு, குருக்கள் ஒருவர் கண்ணுக்கு மட்டும்தான் பழக்கம்.

மறுநாள் காலை அவர் மனைவி விசாலம் மாமி ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் டிபன் தூக்கு. ஸ்டேஷனுக்குப் போகிற வழி.

"தேவராஜு, பழைய படத்துல எங்கயாவது அம்பாள் ரூபம் கொஞ்சம் தெரியறதான்னு தேடிப் பாரேன். நோக்குத் தெரியாத படமா?"

யார் சொல்லி அவரைப் பிடித்து வைத்தார்கள் என்பது மாமிக்குத் தெரியாது. பன்னிரண்டு படத்தையும் வெளிச்சத்தில் பரப்பினேன். பட்டு, நகை, மாலை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். அதிலும் பாதி மூக்குத்தி. என் திறமையெல்லாம் நகைக்கடை விளம்பரத்துக்கு லாயக்காக இருந்தது. மாமி தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரக்கோணத்தில் ஒரு மூட்டை

ஐந்தாம் நாள் அரக்கோணம் ரயிலடியில் ஒருவன் பிடிபட்டான். அவன் தலைச்சுமை வைக்கோல் மூட்டைக்குள் மூன்று அம்மன்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். மூன்றும் ஒரே மாதிரி, வலது கையில் பூ ஏந்தி, இடது கையைத் தொங்கவிட்டு நிற்பவை. தெற்கே ஏதோ கிராமங்களில் எடுத்தேன், பெயர் தெரியாது, காஞ்சிபுரம் பக்கமே வந்ததில்லை என்று சாதித்தான்.

சப்-இன்ஸ்பெக்டரின் நியாயம் சுலபமானது. மூன்றில் ஒன்று எங்கள் அம்மன் என்றால் கதவைத் திறந்தவன் அந்த மூட்டைக்காரன். இல்லை என்றால் குருக்கள். குருக்களையே கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் சந்தேகத்தில் இருக்கிறவர் வாய்ச்சொல் சாட்சி ஆகாது. நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொன்ன லட்சணத்தைத்தான் மேலே பார்த்தீர்கள்.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகத் தொடங்கினார்கள். நான் நகரவில்லை.

"சார், ஒரு வார்த்தை. இப்படி நிறுத்தினா எங்க யாருக்கும் தெரியாது. எங்க வூட்டு பொம்பளைங்க மாதிரிதான் சார் அவங்க. பட்டு கட்டி, பூ வெச்சாத்தான் எங்களுக்கு அடையாளம். மூணு பேருக்கும் அலங்காரம் பண்ணிக் காட்டுங்க."

"யாரு பண்றது?"

"குருக்கள்தான். வேற யாருக்கு வரும்?"

சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்பாடா என்றிருந்தது.

"மூணுக்கும் ஒரே மாதிரி பண்ணணும். முடிச்சதும் ஐயர் மறுபடி உள்ளே போயிடணும். பேச்சு, சாடை எதுவும் கூடாது."

ஸ்டேஷனில் திரை

கதவைத் திறந்து குருக்களைக் கூட்டிவந்தார்கள். நாலு நாள் தாடி. மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதுவரை அவர் கண்ணில் அவர்களைக் காட்டவில்லை. எதைப் பார்க்கிறார், எங்கே கண் நிலைக்கிறது என்று சப்-இன்ஸ்பெக்டர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குருக்கள் எதையும் பார்க்கவில்லை. தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து உதறி, மூவரையும் சேர்த்து மூடினார்.

"மூணு பேரையும் இப்படி நிறுத்தி வெச்சிருக்கேளே" என்றார். அவ்வளவுதான். சப்-இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கான்ஸ்டபிள்களை வெளியே போகச் சொன்னார்.

பின்கட்டுக் கிணற்றில் குருக்கள் குளித்தார். ஒரு கான்ஸ்டபிளின் படுக்கை விரிப்பு திரை ஆயிற்று. கோயில் பெட்டியிலிருந்து மூன்று பழைய பாவாடைகள் வந்தன. நகைப் பெட்டி வங்கியில் இருந்ததால் நகை இல்லை. கன்னியம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து மூன்று மாலை கட்டினாள். "ஒரே அளவா இருக்கணும்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "என் கை அளவு சார். முழம் மாறாது" என்றாள். முந்தின தப்பில் அவளுக்கு இன்னும் கூச்சம் தீரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கட்டினாள்.

இதற்குள் நான் ஸ்டூடியோவுக்கு ஓடி என் மரக் காமிராவையும் முக்காலியையும் பன்னிரண்டு படங்களையும் கொண்டுவந்திருந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. கை சும்மா இருந்தால் பயம் அதிகமாகும், அதற்காகத்தான்.

குருக்கள் திரைக்குள்ளிருந்து வந்து, யாரையும் பார்க்காமல் லாக்கப்புக்குள் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து மேஜை தெரியாது. திரையை இழுத்தார்கள்.

ஜன்னலில் நின்றவர்கள் கை தானாக மேலே போயிற்று. மூன்று அம்மன்கள், பச்சையும் மாம்பழமும் அரக்குமாகப் பட்டு உடுத்தி, சம்பங்கி மாலையோடு. மூன்றுமே எங்கள் அம்மனாகத் தெரிந்தன. நான்தானே பெரிய ஆள் மாதிரி யோசனை சொன்னவன்.

"என்ன போட்டோக்காரரே?"

"ஒரு நிமிஷம் சார். காமிராவுல பார்த்துட்டுச் சொல்றேன்."

தலைகீழாக

அந்தக் காலத்து மரக் காமிராவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னால் ஒரு பால் கண்ணாடி இருக்கும். தலைக்குமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு அதில் பார்த்தால் எதிரில் இருப்பது தலைகீழாகத் தெரியும். மணப்பெண்ணானாலும் மந்திரியானாலும் தலைகீழ்தான். புதிதில் சிரிப்பு வரும், பிறகு பழகிவிடும். தலைகீழாகப் பார்க்கும்போது முகம் முகமாக மனசில் ஏறாது. எது நேர், எது சாய்வு என்று கோடுகள்தான் கண்ணில் படும்.

நான் பன்னிரண்டு வருஷமாக அம்மனைப் பார்த்தது அப்படித்தான். எல்லாரும் நேரே நின்று கும்பிடும் நேரத்தில் நான் துணிக்குள் இருப்பேன். அங்கிருந்தே வருஷா வருஷம் ஒரு குறை சொல்வேன். அதற்குக் குருக்கள் வருஷா வருஷம் ஒரே பதில் சொல்வார். எங்கள் இருவருக்கும் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டிருந்தது. குருக்களுக்கு மாலை சாத்துகிற கை அப்படி என்று நினைத்திருந்தேன்.

முக்காலியை நிறுத்தி, துணியைப் போட்டுக்கொண்டேன். ஒன்றாம் அம்மன், மாலை இரண்டு பக்கமும் சமம். மூன்றாம் அம்மன், சமம். நடுவிலிருந்தவள் பக்கம் திருப்பினேன்.

என் வாய் என்னைக் கேட்காமல் பேசிற்று.

"சாமி, மாலை கோணலா இருக்குது."

லாக்கப்புக்குள்ளிருந்து குருக்களின் பதில் வந்தது.

"அவ அப்படித்தாண்டா நிப்பா. நீ படத்தை எடு."

எனக்குத் துணிக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது. வெளியே வர வெட்கமாக இருந்தது. வந்தேன். "ரெண்டு சார். நடுவுல நிக்கிறவங்க" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் லேசில் விடவில்லை. ஐயர் வேண்டுமென்றே கோணலாகச் சாத்தியிருக்கலாம் அல்லவா? பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே இரண்டாம் மாலையை எடுத்து ஒன்றாம் அம்மனுக்குப் போட்டார். நேராகத் தொங்கியது. ஒன்றாம் மாலையை நடுவிலிருந்தவளுக்குப் போட்டார். இடது பக்கம் ஒரு விரல் இறங்கி நின்றது. அவளுடைய இடது தோள் மயிரிழை தாழ்வு. வார்த்தவன் கை அப்படி. இத்தனை வருஷம் பட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு என் பன்னிரண்டு படங்களையும் மேஜையில் பரப்பி, ரைட்டரின் அடி ஸ்கேலை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டிலும் இடது பக்கம்தான் இறக்கம்.

"யோவ், இதை முதல்லயே சொல்றதுக்கென்னய்யா?"

"படம் எடுத்தவனுக்குத் தெரியலை சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அரக்கோணத்திலிருந்து மூட்டைக்காரனை வரவழைத்துப் படங்களையும் மாலையையும் காட்டியதும் ஒப்புக்கொண்டான். கோயில் பூட்டைத் திறந்த கள்ளச் சாவிக்கொத்தைப் பாலாற்று மணலில் புதைத்ததாகச் சொன்னான். அதைத் தேடப் போன கான்ஸ்டபிள் வரும்வரை பொறுமையில்லாமல், சந்தேகத்துக்கு என் ஸ்டூடியோ சாவியைக் கோயில் பூட்டில் போட்டுப் பார்த்தார்கள். சட்டென்று திறந்துகொண்டது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து தர்மகர்த்தா வீட்டுப் பீரோ சாவியைப் போட்டார்கள். அதற்கும் திறந்தது. அதன் பிறகுதான் என் மூச்சு திரும்பியது.

கறுப்புத் துணிக்குள்

அம்மன் கோயிலுக்குத் திரும்பிய மறுவாரம் குருக்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அந்தக் கடுதாசில கேட்ட படத்தை எடுத்துடுடா. இனிமே யாரும் என் அம்பாளைத் தேடித் திண்டாட வேண்டாம்."

அலங்காரத்தோடு இருக்கும்போதே காமிராவை நிறுத்திக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டேன். அவர் திரைக்குள் போய் எல்லாவற்றையும் களைந்து, திரையை விலக்கி, "உம்" என்றார். நான் முதுகைக் காட்டி நின்று, படம் எடுக்கிற ரப்பர் பல்பை அழுத்தினேன். ஸ்டேஷனில் பார்த்ததே எனக்குப் போதும். திரை மூடிற்று. அவர் மறுபடி அலங்காரம் செய்யத் தொடங்கினார்.

திரைக்கு வெளியே நின்றபடி சொல்லிவிட்டேன். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

"சாமி, நீங்க படம் எடுக்க விடலைன்னு ஸ்டேஷன்ல சொன்னது நான்தான்."

உள்ளே வளையல் சாத்துகிற சத்தம் நின்றது.

"தெரியும். பக்கத்து ரூம்லதானே உக்காந்திருந்தேன். உன் குரல் என்ன சின்னக் குரலா?" சற்றுப் பொறுத்து, "நெஜத்தைத்தானே சொன்னே. ஆனா ரெண்டு நாள் உன்மேல கோபம் கோபமா வந்துது."

"இப்போ?"

"மாலையைச் சொன்னியே, அப்பவே போயிடுத்து."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அம்மன் அரக்குப் பட்டில் நின்றாள். எனக்கு என்ன தோன்றிற்றோ, "சாமி, ஒரு தடவை நீங்க இதுல பாருங்க" என்று துணியைத் தூக்கிக் காட்டினேன். யோசித்தார். பிறகு குடுமியைச் சரிசெய்துகொண்டு உள்ளே தலையை விட்டார்.

"என்னடா, தலைகீழா நிக்கறாளே."

"அப்படித்தான் தெரியும் சாமி. கொஞ்சம் நேரம் பாருங்க."

வெளியே யாரோ தேங்காய் உடைத்தார்கள். கறுப்புத் துணி லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"நாப்பது வருஷமா நான் பக்கத்துலயே நின்னுண்டிருக்கேன், தேவராஜு. புடவை மடிப்பு, பூ, விளக்குத் திரி, இதையேதான் பார்த்திருக்கேன். எல்லாரும் எட்ட நின்னு பார்க்கறாளே, அந்த மாதிரி இவளை முழுசா நான் பார்த்ததே இல்லடா."

கொஞ்சம் கழித்து உள்ளிருந்து மறுபடி குரல் வந்தது.

"மாலை கோணலாத்தான் இருக்கு."

"அவங்க அப்படித்தான் நிப்பாங்க சாமி" என்றேன். "நீங்க நல்லா பாருங்க."